தனிமை அதிகாரமாக மாறும் இடம்: நான்காம் அத்தியாயத்தைப் பிடியுங்கள்

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ (1937) குறுநாவலுக்குக் கட்டுரை எழுதுகிறவர்கள் பலர், “பண்ணையில் எல்லோரும் தனிமையில் வாடுகிறார்கள்” என்பதோடு நின்றுவிடுகிறார்கள். மதிப்பெண் குறைவது அங்கேதான். தனிமைப்பட்டவர்களே ஒருவரையொருவர் மிதிப்பதைக் காட்ட வேண்டும். ஆறு அத்தியாயங்களையும் புரட்ட வேண்டாம், நான்காவது போதும்.

பண்ணையின் குதிரை லாயத்தில் வேலை பார்க்கும் குரூக்ஸின் அறைக்குள் ஒவ்வொருவர் நுழையும்போதும் யார் கை ஓங்குகிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே படியுங்கள். உன் கூட்டாளி ஜார்ஜ் திரும்பி வராவிட்டால் என்ன செய்வாய் என்று, உடல்பலம் மிகுந்த, குழந்தை மனம் கொண்ட பண்ணையாள் லெனியைச் சீண்டும்வரை குரூக்ஸ் மேலே. லெனி எழுந்து நெருங்கியதும் பின்வாங்குகிறார். பிறகு பண்ணை முதலாளியின் மகன் கர்லியின் மனைவி. கதையில் பெயர்கூட இல்லாதவள், பேச்சுத்துணைக்கு ஏங்குகிறவள். குரூக்ஸ் அவளை வெளியே போகச் சொன்னதும், உன்னை மரத்தில் தொங்கவிட என்னால் முடியும் என்கிறாள். கறுப்பரான குரூக்ஸ் அப்படியே சுருங்கிப்போகிறார்.

அவர் அலமாரியில் இருக்கும் 1905ஆம் ஆண்டின் கலிஃபோர்னியா சிவில் சட்டப் புத்தகத்தை இந்த இடத்தில் கட்டாயம் சேர்த்து எழுதுங்கள். உரிமை என்னவென்று படித்து வைத்திருக்கும் மனிதருக்கு அந்தப் புத்தகம் அன்று உதவவில்லை.

அத்தியாயம் தொடங்கும்போதும் முடியும்போதும் அவர் தன் முதுகுக்குத் தானே தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.