லீவர் ரைஃபிள் ரெப்ளிகா: குழல் நீளத்திலும் விலையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சாஸில் நான் போகும் கௌபாய் சுடும் போட்டிகளில் (பழைய அமெரிக்க மேற்குக் காலத்துத் துப்பாக்கிகளால் சுடுவது) புதிதாகச் சேரும் நம்மவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, 73 வாங்கப் போறேன். 20 அங்குலமா, 24 அங்குலமா?" நான் திருப்பிக் கேட்பேன்: "வாங்கி என்ன செய்யப் போறே?" இதற்குப் பதில் இல்லாமல் கடைக்குப் போனால், மற்றத் தவறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

73 என்பது வின்செஸ்டர் 1873. விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தைக் கீழே தள்ளினால் சுட்ட கூடு வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் இருந்த வின்செஸ்டர் கம்பெனி இதை 7 லட்சத்துக்கும் மேல் செய்து விற்றது. இன்று நல்ல நிலையில் ஓர் அசல் வேண்டுமென்றால் பல ஆயிரம் டாலர் ஆகும். வாங்கினாலும் அதைப் புழுதியில் எடுத்துப் போய்ச் சுட மனம் வராது. அதனால்தான் ரெப்ளிகா, அதாவது அசல் மாதிரியே இன்று புதிதாகச் செய்யும் நகல். இத்தாலியில் கார்டோனே வால் டிராம்ப்பியா என்ற ஊரில் ஆல்டோ உபெர்ட்டி 1959-இல் தொடங்கிய ஆலை இதில் முக்கியமானது. வின்செஸ்டர் பெயரிலேயே இப்போது வரும் 1873, ஜப்பானில் மிரோக்கு ஆலையில் செய்யப்படுவது. பிரேசிலின் ரோசி, பின்னால் வந்த 1892 மாடலைச் செய்கிறது.

அந்தக் காலத்து 1873 மூன்று உருவத்தில் வந்தது. 24 அங்குலக் குழலோடு ரைஃபிள், குதிரையில் போகிறவர்களுக்கு 20 அங்குல உருண்டைக் குழலோடு கார்பைன், 30 அங்குலத்தில் மஸ்கெட். கூடக் காசு கொடுத்தால் வேறு நீளத்திலும் செய்து கொடுத்தார்கள். ரெப்ளிகாக்களும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகின்றன: 16, 18, 19, 20, 24¼, சில 30 அங்குலம்.

முதல் தவறு, நீளத்தைக் கண்ணால் தேர்ந்தெடுப்பது. நான் செய்ததும் இதுதான். படத்தில் பார்த்த அந்த நீண்ட எண்கோணக் குழல், அதன்மேல் கருநீலப் பூச்சு, பக்கத்தில் தண்ணீரில் எண்ணெய் படர்ந்தது போன்ற நிறங்கள் ஓடும் ரிசீவர், அதாவது உள்ளுறுப்புகள் இருக்கும் நடுப்பகுதி. வேறு எதையும் யோசிக்கவில்லை, 24¼ அங்குலத்தை வாங்கிவிட்டேன். சுவரில் சாய்த்து வைத்தால் அவ்வளவு அழகு. போட்டியில் மூன்றாவது சுற்றிலேயே இடது கை இறங்க ஆரம்பித்தது. ஒரு குறியிலிருந்து அடுத்த குறிக்குக் குழலைத் திருப்பினால், நான் நிறுத்த நினைத்த இடத்தைத் தாண்டித்தான் அது நின்றது. ஒரு வருடம் போராடிவிட்டு விற்றேன். கொடுத்த விலை திரும்பி வரவில்லை.

காரணம் எளிது. நீண்ட எண்கோணக் குழலுள்ள 73, வெறும் துப்பாக்கியாகவே 8 பவுண்டைத் தாண்டும். அதற்கு மேல் தோட்டா. குழலுக்கு அடியில் ஓடும் இன்னொரு குழாய்தான் மேகசின், அது நிரம்பும்போது எடை முன்பக்கம் சேர்கிறது. .45 கோல்ட் என்ற வகைத் தோட்டாவின் குண்டு வழக்கமாக 250 கிரெயின், அதாவது 16 கிராம் சொச்சம். பித்தளைக் கூட்டோடு சேர்த்தால் பத்துத் தோட்டா கால் கிலோவை நெருங்கும். சுடச் சுட அந்த எடை குறைந்துகொண்டே வரும். முதல் தோட்டாவுக்கும் பத்தாவது தோட்டாவுக்கும் துப்பாக்கி ஒரே மாதிரி கையில் நிற்காது. குழல் நீள நீள இந்த வித்தியாசம் அதிகமாகத் தெரியும்.

கடையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, லீவரைத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொள்ளுங்கள். அவர் காட்டும் பாதுகாப்பான திசையில் குழலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு தோளில் வையுங்கள். கண்ணைத் திறக்கும்போது முன்குறியும் பின்குறியும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருந்தால் தோளில் படும் மரக்கட்டை உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறது என்று அர்த்தம். அப்புறம் அப்படியே பிடித்துக்கொண்டு மெதுவாக முப்பது எண்ணுங்கள். எத்தனையாவது எண்ணில் முன்குறி வட்டம் போட ஆரம்பிக்கிறது? 24¼, 20, 19 என்று மூன்றையும் இப்படிப் பிடித்துப் பார்த்தால், உங்களுக்கு எது சரி என்பது அங்கேயே தெரிந்துவிடும். மற்றவர் சொல்லும் எந்த ஆலோசனையும் இதற்கு ஈடாகாது, என்னுடையதும் சேர்த்துத்தான்.

போட்டிக்கென்றால் 20 அங்குல எண்கோணக் குழல்தான் என் பரிந்துரை. 1987-இல் தொடங்கிய சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி நடத்தும் கௌபாய் போட்டிகளில், ஒரு சுற்றுக்கு ரைஃபிளில் வழக்கமாகச் சுடுவது பத்துத் தோட்டா. 20 அங்குல 73 சரியாகப் பத்து கொள்ளும். 24¼ அங்குலத்தில் பதின்மூன்று கொள்ளும், ஆனால் அந்த மூன்றுக்கு அங்கே வேலையே இல்லை. சின்னதாக இருந்தால் வேகமாகத் திரும்பும் என்று 16 அங்குலம் வாங்குகிறவர்கள் எதிர்ப்பக்கம் போய் மாட்டிக்கொள்கிறார்கள். 16 அங்குல ரோசி 92-இன் மேகசினில் எட்டுதான் போகும். மணி ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் இரண்டு தோட்டாவை ஒவ்வொன்றாகத் தள்ளி நிரப்பிக்கொண்டிருந்தால், குறுகிய குழலால் மிச்சமான நேரமெல்லாம் அதிலேயே போய்விடும். காட்டுக்குள் பன்றி வேட்டைக்கு அதே 16 அங்குலம் அருமையான துப்பாக்கி. ஆகவே மறுபடியும் என் கேள்விதான்: வாங்கி என்ன செய்யப் போறீங்க?

"நீளக் குழல்தானே குறி தப்பாமல் சுடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. இதில் பாதி உண்மை. குழல் நீண்டால் குண்டு தானாக நேராகப் போவதில்லை. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடுவதால், நீங்கள் குறிபார்ப்பதில் வரும் சின்னப் பிசகு குறைகிறது. நூறு கஜம், இருநூறு கஜம் தூரத்தில் அது கண்கூடாகத் தெரியும். கௌபாய் போட்டியில் குறியாக வைக்கும் இரும்புத் தகடு அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது அந்த நன்மை கணக்கில் வராது. ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். முன்குறி கண்ணிலிருந்து நாலு அங்குலம் தள்ளிப் போனால் அது தெளிவாகிறது என்று சொல்லி 24¼-ஐ விடாமல் வைத்திருக்கும் பெரியவர்கள் எங்கள் மைதானத்தில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைத்துப்பாக்கியோடு ஒப்பிட்டால் .357 மேக்னம் என்ற தோட்டா ரைஃபிள் குழலில் நன்றாகவே வேகமெடுக்கும். ஆனால் 20-க்கும் 24-க்கும் நடுவில் கிடைப்பது சொற்பம். போட்டிக்கான மெதுவான .38 ஸ்பெஷல் தோட்டாவில் வைக்கும் கொஞ்ச வெடிமருந்து, குழலின் ஆரம்பத்திலேயே எரிந்து முடிந்துவிடும். அந்தக் காலத்துக் கரிமருந்தைத் திணித்து .44-40 தோட்டா சுடுகிறவர்களுக்கு நீளக் குழலில் அர்த்தம் இருக்கிறது, பழைய ரைஃபிளும் அதை வைத்துத்தான் செய்யப்பட்டது.

சரி, விலைக்கு வருவோம். இங்கே நடக்கும் பெரிய தவறு, துப்பாக்கியில் தொங்கும் சீட்டை மட்டும் பார்ப்பது. ரோசி 92 ஆயிரம் டாலருக்குள் கிடைக்கும், உபெர்ட்டியின் 73 ஆயிரத்தைத் தாண்டிவிடும். இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டுத்தான் பலர் முடிவெடுக்கிறார்கள். ஆனால் தோட்டாவின் செலவை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஆறு சுற்றுள்ள ஒரு போட்டிக்கு ரைஃபிளுக்கு 60, இரண்டு கைத்துப்பாக்கிகளுக்கும் சேர்த்து 60, ஆக 120 தோட்டா. மாதம் ஒரு போட்டி என்றால் வருடத்துக்கு 1,440, பயிற்சி தனி. .38 ஸ்பெஷலுக்கும் நீங்கள் ஆசைப்படும் தோட்டாவுக்கும் ஒன்றுக்கு 30 சென்ட் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 432 டாலர். ரோசிக்கும் உபெர்ட்டிக்கும் இடையிலான வித்தியாசத்தை இரண்டு வருடத் தோட்டா விழுங்கிவிடும். .357 ரைஃபிள் வாங்கி அதில் .38 ஸ்பெஷல் சுடுவதுதான் பலருக்குக் கட்டுப்படியாகும் வழி. இடுப்பில் இருக்கும் கைத்துப்பாக்கியும் அதே தோட்டாவைச் சுடுவதாக இருந்தால், பையில் ஒரே டப்பா போதும்.

இதில் ஒரு சின்ன முடிச்சு உண்டு. வெளிப்புற அளவு ஒன்றாக இருந்து உள்துளை மட்டும் சிறியதாக இருந்தால், குழலில் இரும்பு அதிகம். அதனால் அதே நீளத்தில் .45-ஐவிட .357 ரைஃபிள் கனமாக இருக்கும். கடையில் .45-ஐத் தூக்கிப் பார்த்துவிட்டு .357-ஐ ஆர்டர் செய்தவர்கள், பெட்டியைத் திறந்ததும் ஏமாந்து போனதைப் பார்த்திருக்கிறேன். எதை வாங்கப் போகிறீர்களோ அதையே தூக்கிப் பாருங்கள்.

வரலாற்று ஆசையில் .45 கோல்ட் கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய வின்செஸ்டர் 1873 அந்தத் தோட்டாவுக்கு வந்ததே இல்லை. .44-40, .38-40, .32-20 ஆகியவைதான் அதற்குரிய முக்கியத் தோட்டாக்கள். .44-40-இன் கூடு வாய்ப்பக்கம் மெல்லியது, வெடிக்கும்போது விரிந்து, தோட்டா உட்காரும் அறையை நன்றாக அடைத்துக்கொள்ளும். மெதுவான மருந்து வைத்த .45 கோல்ட் அப்படி அடைக்காது. கரி பின்னால் வந்து உள்ளுறுப்புகளில் படியும், போட்டி முடிந்ததும் நீங்கள்தான் உட்கார்ந்து துடைக்க வேண்டும். அசல் மாதிரியே வேண்டும் என்று மனசு கேட்டால் .44-40 வாங்குங்கள், ஆனால் அந்தத் தோட்டாவின் விலைக்கும் தட்டுப்பாட்டுக்கும் தயாராக இருங்கள்.

எந்தத் தோட்டாவாக இருந்தாலும் 73-இல் பலத்த மருந்து வேண்டாம். வெடிக்கும்போது தோட்டாவைப் பின்னாலிருந்து தாங்கும் பூட்டு, அதில் முழங்கால் மாதிரி மடங்கி நிமிரும் இரண்டு இணைப்புகளால் ஆனது. வழவழப்பாக ஓடும், ஆனால் ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1892 அளவுக்கு உறுதி கிடையாது. பலத்த .357-ஐ நாள் முழுக்கச் சுடுவதுதான் திட்டம் என்றால், விலை குறைந்த 92-தான் உங்களுக்குச் சரி. இந்த இடத்தில் கூடுதல் காசு கொடுப்பதுதான் தவறு.

பெயரைப் பார்த்துக் காசு கொடுப்பதும் அடிக்கடி நடக்கிறது. டெக்சாஸின் சிமரான், வர்ஜீனியாவின் டெய்லர்ஸ், உபெர்ட்டி மூன்றும் தனித்தனி ஆலைகள் என்று நினைத்துக்கொண்டு "எது தரம்?" என்று கேட்கிறார்கள். சிமரானும் டெய்லர்ஸும் இறக்குமதி செய்து விற்பவர்கள். அவர்களுடைய 73 பெரும்பாலும் அதே கார்டோனேயில் உபெர்ட்டி செய்தது. குழல்மேல் பொறித்திருப்பதை வாசித்தால் யார் செய்தது, யார் இறக்கியது என்று தெரிந்துவிடும். விலை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கட்டையின் செதுக்கலுக்கும் நிறத்துக்குமா, அல்லது உள்ளே லீவர் ஓடும் தூரத்தைக் குறைத்து வேலை செய்திருப்பதற்கா? பின்னது போட்டிக்காரருக்குப் பயன்படும். பிறகு தனியாகச் செய்தால் சில நூறு டாலர் ஆகும் வேலை அது. வேறொரு மாநிலத்திலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவு, விற்பனை வரி, உங்கள் ஊர் உரிமக் கடைக்காரர் பெற்றுத் தருவதற்கான கட்டணம் எல்லாம் சீட்டு விலைக்கு மேல் வரும்.

ரெப்ளிகாதானே, காகிதம் எதுவும் தேவையில்லை என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அமெரிக்கச் சட்டத்தில் 1898-இலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட அசலுக்குத்தான் பழம்பொருள் சலுகை. இன்று கிடைக்கும் தோட்டாவைச் சுடும் புது ரெப்ளிகா மற்ற ரைஃபிளைப் போலத்தான், கடையில் வாங்குபவர் நிரப்பும் 4473 என்ற அரசுப் படிவமும் பின்னணிச் சோதனையும் உண்டு. குழல் 16 அங்குலத்துக்குக் கீழே போனால் 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். வாங்கிய பிறகு குழலைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

பழையதாக வாங்கினால் விலை குறையும், நல்லதும் கிடைக்கும். இத்தாலிய அரசுச் சோதனை முத்திரைக்குப் பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் இரண்டு எழுத்து இருக்கும், அது செய்த வருடம். ஏஏ (AA) என்றால் 1975. விற்பவர் "ரெண்டு வருஷம்தான் ஆச்சு" என்று சொன்னால் அதைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். திருகாணிகளின் வெட்டு சிதைந்திருந்தால் யாரோ அனுபவமில்லாமல் பிரித்திருக்கிறார்கள். கட்டை இரும்பைச் சந்திக்கும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். முன்னால் வைத்திருந்தவர் சுத்தியலின் ஸ்பிரிங்கை மெலிதாக்கியிருந்தால், சில கம்பெனித் தோட்டாக்களின் அடியில் இருக்கும் கடினமான பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) வெடிக்காமல் போகும். அதை வாய்விட்டுக் கேளுங்கள்.

புதிதோ பழையதோ, ஊர்க் கடைக்கு வந்து சேர்ந்ததும் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பு பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்ட நீளம்தானா, கேட்ட தோட்டாவுக்கானதுதானா என்று குழலில் வாசியுங்கள். உங்கள் பெயருக்கு மாறிய பிறகு திருப்பி அனுப்புவது பெரிய தலைவலி.