புதுச்சேரி வெயிலில் கினிப் பன்றிகள்

வீட்டில் செல்லமாக வளர்க்கும் கினிப் பன்றிகளுக்கு (பன்றியல்ல, கொறிக்கும் சிறு பிராணி) வியர்க்காது. 18 முதல் 24 டிகிரிதான் அவற்றுக்குச் சுகம். 27-ஐத் தாண்டினாலே கஷ்டப்படும். கத்திரி வெயிலில் புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை அடுப்பாகக் கொதிக்கும். கூண்டைத் தரைத்தளத்துக்கு, மேற்கு வெயில் படாத மூலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஏர் கூலர் வேண்டாம். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். கூலர் புழுக்கத்தைத்தான் கூட்டும். தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து, பழைய பருத்தித் துண்டில் சுற்றிக் கூண்டின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். வேண்டும்போது வந்து ஒட்டிப் படுக்கும், போதுமென்றால் நகர்ந்துவிடும். தரையில் ஒரு டைல்ஸ் துண்டும் போடலாம். எங்கள் வீட்டுச் செல்லங்கள் மத்தியானம் அதில்தான் வயிற்றை ஒட்டிப் படுத்திருக்கும்.

எச்சில் ஒழுக, வேகமாக மூச்சு வாங்கி, துவண்டு கிடந்தால் அது வெப்பத் தாக்கு. காதையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்தபடி உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீர் கூடவே கூடாது.

அப்புறம், சாப்பாடு. நம்மைப் போலவே இவற்றின் உடலும் வைட்டமின் சி தயாரிக்காது. தினமும் ஒரு துண்டு குடைமிளகாய் கொடுங்கள். பல் வளர்ந்துகொண்டே இருப்பதால், மென்று தேய்க்கப் புல் எப்போதும் வேண்டும். மருந்தடிக்காத அருகம்புல்லைக் கழுவி, ஈரம் உலர்த்திப் போடுங்கள்.