சமையல் மேடைக்குக் கிரானைட் போடுவது எப்படி: விரிசல் விட்ட என் மேடை கற்றுக்கொடுத்தது

எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் சிங்கின் மூலையிலிருந்து சுவர் வரை ஒரு விரிசல் ஓடுகிறது. கல் போட்ட எட்டாம் மாதம் விழுந்தது. மட்டக் கல்லைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்ற கோபத்தோடு கடைக்காரரை அழைத்து வந்தேன். அவர் எதுவும் பேசாமல் மேடையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். சிங்க் பக்கம் வந்ததும் சத்தம் மாறியது. "கல் நல்ல கல்தான் சார், அடியில் பொந்து இருக்கிறது" என்றார். முதன்முறையாக மேடை போடுகிறவர்கள் நான் செய்ததைச் செய்யாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கல்லின் உறுதியைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். எங்கள் கடலூர் நகரைச் சுற்றி மண்ணுக்கடியில் இருப்பது மணற்கல். கிரானைட் என்கிற கருங்கல்லுக்குச் செஞ்சிப் பக்கம்தான் போக வேண்டும். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் தூண்கள் அப்படிச் செஞ்சியிலிருந்து வந்தவை. அலைக்கு நேரெதிரே, உப்புக் காற்றில் நிற்கின்றன. அந்தக் காற்றில் நம் வீட்டு ஜன்னல் கம்பி என்ன கதிக்கு ஆளாகிறது என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் அளவு

கடைக்குப் போகும் முன்பே அளந்துவிடுங்கள். மேடையின் உயரம் சமைக்கிறவரின் முழங்கைக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே இருந்தால் தோள் வலிக்காது. பெரும்பாலான வீடுகளில் அது 32 முதல் 34 அங்குலத்துக்குள் வரும். அகலம் இரண்டடி. முன்பக்கம் ஓர் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். நீளத்தைச் சுவரோரம், நடு, முன்பக்கம் என மூன்று இடங்களில் அளக்க வேண்டும், ஏனென்றால் எந்தச் சுவரும் நேராக இருப்பதில்லை. மூலை கோணலாக இருந்தால் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து அதே வடிவில் வெட்டி எடுத்துப் போங்கள்.

கல்லைத் தேர்ந்தெடுப்பது

கறுப்பு கிரானைட் என்ற பெயரில் விற்பவற்றில் பல, புவியியல் கணக்கில் கிரானைட்டே அல்ல. டோலரைட், காப்ரோ வகைக் கற்கள். அவையும் உழைக்கும், அதனால் பெயருக்காகச் சண்டை போடத் தேவையில்லை. ஆனால் சாயம் ஏற்றிக் கறுப்பாக்கிய கல்லுக்காகச் சண்டை போடலாம். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு ஒரு மூலையில் தேயுங்கள். பஞ்சு கறுத்தால் அந்தக் கல் வேண்டாம்.

அடுத்தது எலுமிச்சை. சில சொட்டுச் சாற்றை விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். சொட்டு விழுந்த இடத்தில் பளபளப்பு மங்கினால் அதில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பளிங்கில் இப்படித்தான் நடக்கும். புளி கரைக்கிற வீட்டில் பளிங்கு மேடை ஓராண்டுகூட அழகாக இருக்காது. மூன்றாவது, வெறும் தண்ணீர். தண்ணீர் நின்ற இடம் கொஞ்ச நேரத்தில் கருத்தால் கல் உறிஞ்சுகிறது என்று பொருள். வெளிர் நிறக் கற்களில் இது சகஜம். வாங்கவே கூடாது என்பதில்லை, ஆனால் நுண்துளைகளை அடைக்கும் சீலர் பூசியாக வேண்டும். இல்லையென்றால் மஞ்சளும் மீன் வறுத்த எண்ணெயும் உள்ளே இறங்கிவிடும்.

கல் பலகையின் பின்பக்கத்தையும் பாருங்கள். வலை ஒட்டியிருந்தால் அது உடையக்கூடிய கல்.

வெட்டுவது

வெட்டும் வேலை கடையிலேயே, தண்ணீர் ஊற்றியபடி நடக்கட்டும். வீட்டுக்குள் வெட்டினால் பறக்கும் தூளில் சிலிக்கா இருக்கும். அது நுரையீரலுக்குக் கேடு. முன்விளிம்பின் அடியில் மெல்லிய பள்ளம் ஒன்று கீறச் சொல்லுங்கள். வழியும் தண்ணீர் அலமாரிக் கதவுக்கு ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும்.

இனி என் விரிசலுக்கு வருகிறேன். சிங்க்குக்கான துளையின் மூலைகளைச் செங்கோணமாக வெட்டியிருந்தார்கள். கூரான மூலையில் அழுத்தம் குவியும். கீறல் அங்கிருந்துதான் புறப்படும். நான்கு மூலையிலும் முதலில் வட்டத் துளை போட்டு, துளைக்குத் துளை நேராக வெட்டினால் மூலை தானாக வளைந்துவிடும். சிங்க் துளைக்கு முன்னும் பின்னும் குறைந்தது மூன்று அங்குலக் கல் மிஞ்ச வேண்டும்.

பதிப்பது

எட்டடி நீளம், இரண்டடி அகலம், 18 மில்லிமீட்டர் கனம் கொண்ட பலகை ஏறக்குறைய 72 கிலோ இருக்கும். அதைப் படுக்க வைத்துத் தூக்கினால் சிங்க் துளையருகே தன் எடையிலேயே முறியும். கதவைத் தூக்குவதுபோல் நிமிர்த்திப் பிடித்து, மூன்று பேராவது சேர்ந்து கொண்டு வர வேண்டும்.

அடியில் தாங்குவதற்குச் செங்கல் சுவரும் அதன்மேல் கடப்பாக் கல்லும் போதும். கடலோர வீட்டுக்கு இரும்பு ஆங்கிள் வேண்டாம். துருப்பிடித்த இரும்பு உப்பி, மேலிருக்கும் கல்லைத் தூக்கிவிடும். கடப்பாக் கல்லை நனைத்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல் சேர்த்த கலவையை முழுப் பரப்பிலும் சீராக விரித்து, அதன்மேல் சிமெண்ட் பால் தெளித்துப் பலகையை இறக்க வேண்டும். வெளிர் கல் என்றால் வெள்ளைச் சிமெண்ட். சாம்பல் சிமெண்டின் கறை மேலே தெரிந்துவிடும்.

எங்கள் கொத்தனார் அங்கங்கே கலவை உருண்டை வைத்து மேலே பலகையைக் கிடத்தினார். வேலை சீக்கிரம் முடிகிறதே என்று அவருக்குக் காபி வேறு போட்டுக் கொடுத்தேன். உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவே இருந்த காற்றின்மேல் எட்டு மாதம் அம்மியை வைத்திருந்தோம்.

ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தண்ணீர் சிங்க்கை நோக்கி ஓடும்படி ஒரு சொட்டுச் சரிவு இருக்கட்டும். கலவை ஈரமாக இருக்கும்போதே விரல் முட்டியால் ஒவ்வோர் அடிக்கும் தட்டிக் கேளுங்கள். பொந்துச் சத்தம் வந்தால் தூக்கி மறுபடி போடச் சொல்லத் தயங்காதீர்கள். மறுநாள் சொன்னால் நடக்காது.

பலகைகள் சேரும் இடத்தில் கல்லின் நிறம் கலந்த எபாக்ஸி பசை, சுவரோரத்தில் சிலிக்கோன் பசை. மூன்று நாள் மேடையில் எதையும் வைக்க வேண்டாம்.

பிறகு பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. பாத்திரம் துலக்கும் சோப்பு போதும். கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தை மட்டும் கொண்டுவராதீர்கள். குழாயடியில் உப்புத் தண்ணீர் வெள்ளையாகப் படியாமலிருக்க இரவில் ஒருமுறை உலரத் துடைத்தால் சரி.

கடையை விட்டுக் கிளம்பும்போது மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சதுர அடிக் கணக்கில் அவற்றுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். சிங்க்குக்காக வெட்டியெடுத்த துண்டில்தான் எங்கள் வீட்டில் சப்பாத்தி தேய்க்கிறோம். அதில் இதுவரை ஒரு கீறல்கூட இல்லை.