லாக் ஓபரானைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈ. கோலை என்னும் குடல் பாக்டீரியாவில் லாக்டோஸ் சர்க்கரையைப் பயன்படுத்துவதற்கான மூன்று மரபணுக்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அந்த மரபணுக்களும், அவற்றின் வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்தும் டி.என்.ஏ. பகுதிகளும் சேர்ந்ததே லாக் ஓபரான். பாரிஸ் நகரிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சுவா ஜேக்கப்பும் ஜாக் மோனோவும் 1961-இல் இதன் கட்டுப்பாட்டு முறையை விரிவாக எழுதினார்கள். 1965-இல் ஆந்திரே லுவோஃப்புடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு புரதம் டி.என்.ஏ.வோடு பிணைந்து மரபணுவை அடக்கும் என்ற கருத்தை மாணவர்கள் பெரும்பாலும் இந்த எடுத்துக்காட்டின் வழியாகத்தான் முதன்முதலில் அறிகிறார்கள். ஒடுக்கிப் புரதம் டி.என்.ஏ.வில் தனக்குரிய பிணைப்பிடமான ஆப்பரேட்டர் பகுதியில் அமர்ந்தால் மரபணு அடங்கும், லாக்டோஸ் வந்தால் ஒடுக்கி விலகும் என்று படம் போட்டு முடித்துவிடுகிறோம். அந்தப் படம் பொய்யன்று. ஆனால் எத்தனை மூலக்கூறுகள், எந்தெந்த இடங்களில், எவ்வளவு நேரம் என்ற கேள்விகளை அது கேட்கவிடாமல் செய்துவிடுகிறது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கேள்விகளைக் கேட்காததால் வருபவை.

என் பார்வையில் முதன்மையான தவறு, ஒடுக்கி தனக்குரிய ஆப்பரேட்டரோடு மட்டுமே பிணையும், மற்ற டி.என்.ஏ.வைத் தொடாது என்று எண்ணுவது. பூட்டும் சாவியும் என்ற உவமை இந்த எண்ணத்தை வளர்க்கிறது. உண்மையில் லாக் ஒடுக்கி எந்த டி.என்.ஏ.வோடும் ஓரளவு பிணையும். டி.என்.ஏ.வின் முதுகெலும்பான பாஸ்பேட் வரிசை எதிர்மின் சுமை கொண்டது. ஒடுக்கியின் பிணைப்புப் பகுதியில் நேர்மின் சுமையுள்ள அமினோ அமிலங்கள் இருக்கின்றன. டி.என்.ஏ.வின் எழுத்துகளான காரங்களின் வரிசை எதுவானாலும் இந்த ஈர்ப்பு இருந்தே தீரும். ஆப்பரேட்டரோடு உள்ள பிணைப்பு இதைவிடப் பல மடங்கு வலிமையானதுதான்; ஆனால் ஈ. கோலையின் மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 46 லட்சம் எழுத்து இணைகள் உள்ளன, ஆப்பரேட்டர்களோ மூன்றே. ஆகவே தன் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு ஒடுக்கி மூலக்கூறு தன் நேரத்தில் மிகப் பெரும் பகுதியைத் தனக்குத் தொடர்பில்லாத டி.என்.ஏ.வின்மேல் சறுக்கியும், விட்டுப் பிரிந்தும், மறுபடி ஒட்டியும் கழிக்கிறது. உயிருள்ள செல்லுக்குள் ஒற்றை மூலக்கூறுகளைப் பின்தொடர்ந்த ஆய்வை யோஹான் எல்ஃப், சன்னி ஷீ ஆகியோரின் குழு 2007-இல் வெளியிட்டு, இதை நேரடியாகவே காட்டியது. இந்தச் சறுக்கல் வீண்வேலை அன்று. செல் முழுவதும் முப்பரிமாணத்தில் அலைந்து தேடுவதைவிட, இழையின்மேல் சற்றுத் தூரம் நகர்ந்து பார்ப்பதும் சேர்ந்தால் தேடல் விரைவாகிறது.

எனவே, ஒரு புரதம் டி.என்.ஏ.வோடு பிணைகிறதா இல்லையா என்று கேட்பது அரைகுறையான கேள்வி. உரிய இடத்தில் எவ்வளவு, பிற இடங்களில் எவ்வளவு என்ற விகிதமே தெரிந்தாக வேண்டும். 2004-இல் வெளியான கட்டமைப்பு ஆய்வு ஒன்று இவ்விரு நிலைகளையும் அருகருகே வைத்துக் காட்டியது. பொது டி.என்.ஏ.வின்மேல் இருக்கும்போது ஒடுக்கியின் தலைப்பகுதி முதுகெலும்பைத் தளர்வாகப் பற்றியிருக்கிறது, டி.என்.ஏ.வும் ஏறத்தாழ நேராகவே இருக்கிறது. ஆப்பரேட்டரை அடைந்ததும் புரதத்தின் கீல் போன்ற பகுதி சுருளாக மடிந்து டி.என்.ஏ.வின் சிறு பள்ளத்துக்குள் நுழைகிறது, டி.என்.ஏ.வும் வளைகிறது. அதாவது, சாவியும் பூட்டும் தனித்தனியே முழு வடிவோடு காத்திருக்கவில்லை, சந்தித்த பிறகே இரண்டும் இறுதி வடிவம் பெறுகின்றன.

பிணைப்பு எவ்வளவு வலிமையோ அவ்வளவு நல்லது என்று கருதுவதும் இதை ஒட்டிய பிழையே. இயற்கையான ஆப்பரேட்டரின் இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று முழுமையான கண்ணாடிப் பிம்பங்கள் அல்ல. முழுச் சமச்சீரோடு செயற்கையாக அமைத்த ஆப்பரேட்டரோடு ஒடுக்கி இன்னும் இறுக்கமாகப் பிணைகிறது. ஆயினும் பாக்டீரியாவிடம் அந்த வரிசை இல்லை. தேவை வரும்போது விடுபட வேண்டிய புரதத்துக்கு இறுக்கம் மட்டுமே அளவுகோலாக முடியாது.

அடுத்து, ஒரே ஆப்பரேட்டரை மட்டும் வரைந்து முடிப்பது. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மரபணுக் கட்டுப்பாட்டின் மிக அழகான ஒரு நுட்பம் இந்தச் சுருக்கத்தால் காணாமல் போகிறது. முதன்மை ஆப்பரேட்டரான ஓ1, மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்தல் தொடங்கும் இடத்தை ஒட்டியுள்ளது. ஓ2 அதிலிருந்து 401 எழுத்து இணைகள் தள்ளி, முதல் மரபணுவின் உள்ளேயே இருக்கிறது. ஓ3 எதிர்த்திசையில் 92 இணைகள் தொலைவில் உள்ளது. பின்னிரண்டும் ஒடுக்கியை வலுவின்றிப் பற்றுவதால் அவற்றைப் போலி ஆப்பரேட்டர்கள் என்றே நெடுநாள் அழைத்துவந்தார்கள். கொலோன் நகரில் பென்னோ முல்லர்-ஹில்லின் குழு 1990-இல் அவற்றை ஒவ்வொன்றாகவும் சேர்த்தும் சிதைத்துப் பார்த்தது. மூன்றும் இருந்தபோது வெளிப்பாடு சுமார் 1300 மடங்கு அடங்கியது. துணை ஆப்பரேட்டர்களுள் ஒன்றை மட்டும் நீக்கியபோது அடக்கம் இரண்டு, மூன்று மடங்கே குறைந்தது. இரண்டையும் நீக்கி ஓ1-ஐ மட்டும் விட்டபோது அது ஏறத்தாழ 20 மடங்காகச் சரிந்தது. ஒன்றில்லாவிட்டால் மற்றொன்று ஈடுகட்டுகிறது, இரண்டும் இல்லாவிட்டால் அமைப்பே தளர்ந்துவிடுகிறது.

காரணம் ஒடுக்கியின் உருவத்தில் இருக்கிறது. அது நான்கு ஒத்த சங்கிலிகளால் ஆனது. இரண்டிரண்டாக இணைந்த அவற்றுள் ஒவ்வொரு இணையும் ஓர் ஆப்பரேட்டரைப் பற்றும். ஆகவே ஒரே மூலக்கூறு ஒரு கையால் ஓ1-ஐயும் மறு கையால் ஓ2-ஐயோ ஓ3-ஐயோ பிடித்துக்கொள்ள, இடையிலுள்ள டி.என்.ஏ. வளையமாக வளைகிறது. ஒரு செல்லில் இயல்பாக இருப்பவை பத்து அளவிலான ஒடுக்கிகளே. ஓ1-ஐ விட்டு நழுவிய ஒடுக்கி துணை ஆப்பரேட்டரைப் பிடித்தபடி அருகிலேயே இருப்பதால், செல் முழுவதற்கும் சேர்த்து ஒடுக்கிகளைப் பெருக்காமலேயே ஓ1-ஐச் சுற்றி மட்டும் அதன் செறிவு பன்மடங்கு உயர்கிறது. வலுவற்ற பிணைப்பு பயனற்ற பிணைப்பு என்று முடிவுகட்டும் பழக்கத்தைக் கைவிட இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஒடுக்கியைத் தளர்த்தி ஓபரானை இயங்கவிடும் சிறு மூலக்கூறான தூண்டியைப் பற்றிய தவறுகள் இரண்டு. லாக்டோஸே தூண்டி என்று எழுதுகிறோம். செல்லுக்குள் ஒடுக்கியோடு பிணைந்து அதைத் தளர்த்துவது அல்லோலாக்டோஸ். லாக்டோஸின் இரு சர்க்கரைகளுக்கு இடையிலுள்ள பிணைப்பை வேறு இடத்துக்கு மாற்றி, லாக்டோஸை உடைக்கும் பீட்டா-கேலக்டோசிடேஸ் என்சைமே அதை உருவாக்குகிறது. அதனால்தான் அந்த என்சைம் இல்லாத திரிபுகளில் (மரபணு மாறிய பாக்டீரியாக்களில்) லாக்டோஸால் ஓபரானைத் தூண்ட முடிவதில்லை. ஆனால் ஆய்வகங்களில் பயன்படும் செயற்கைத் தூண்டியான ஐ.பி.டி.ஜி. நேரடியாகவே ஒடுக்கியோடு பிணைவதால் அந்தத் திரிபுகளிலும் வேலை செய்கிறது. இரண்டாவது தவறு, தூண்டியும் டி.என்.ஏ.வும் ஒடுக்கியின் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன என்று நினைப்பது. தூண்டி அமரும் குழி புரதத்தின் மையப் பகுதியில் உள்ளது, டி.என்.ஏ.வைப் பற்றும் தலைப்பகுதி அதிலிருந்து தள்ளியே இருக்கிறது. குழியில் தூண்டி அமர்ந்ததும் புரதத்தின் வடிவம் மாற, தலைப்பகுதிகள் ஆப்பரேட்டரைச் சரியாகப் பற்றும் நிலையை இழக்கின்றன. அப்போதும் ஒடுக்கி டி.என்.ஏ.வை முற்றிலும் துறந்து மிதப்பதில்லை, பொது டி.என்.ஏ.வின்மேல் அதன் தளர்ந்த பிடி தொடர்கிறது.

இங்கே கவனமுள்ள மாணவர் ஒரு முரண்பாட்டைச் சுட்டுவார். தூண்டி உருவாக என்சைம் வேண்டும், லாக்டோஸ் உள்ளே வர பெர்மியேஸ் என்னும் சவ்வுப் புரதம் வேண்டும், இரண்டும் அடக்கப்பட்ட ஓபரானிலிருந்தே வர வேண்டும். அப்படியானால் தொடக்கம் எப்படி? அடக்கம் என்றால் முழு நிறுத்தம் என்று கொள்வதால் எழும் முரண்பாடு இது. 1300 மடங்கு அடக்கம் என்பதிலேயே மீதமுள்ள கசிவு அடங்கியிருக்கிறது. ஒடுக்கி அவ்வப்போது நழுவும்போது சில மூலக்கூறுகள் உருவாகிக்கொண்டே இருக்கும். ஷீயின் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் நுட்பமாகப் பிரித்தது: ஒடுக்கி ஒரு கையை மட்டும் விடும்போது சிறு அளவில் புரதம் உருவாகிறது, இரு கைகளையும் விட்டு முழுதாக விலகும் அரிதான நேரத்தில் பெர்மியேஸ் மொத்தமாகப் பெருகி, தூண்டி குறைவாக இருக்கும் சூழலிலும் அந்த ஒற்றைச் செல்லைத் தூண்டப்பட்ட நிலைக்குத் தள்ளிவிடுகிறது. ஒரே மரபணுத்தொகுதி கொண்ட செல்கள் ஒரே குடுவையில் இரு வேறு நிலைகளில் இருப்பதற்கு இது காரணமாகிறது. குடுவை முழுவதற்குமான சராசரியை மட்டும் அளப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

குளுக்கோஸ் இருக்கும்போது லாக்டோஸ் ஏன் பயன்படுவதில்லை என்பதற்கு, சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் சைகை மூலக்கூறு குறைவதால் சி.ஏ.பி. என்னும் ஊக்கிப் புரதம் செயலிழக்கிறது என்ற ஒற்றை விடையை ஒப்பிக்கும் பழக்கமும் திருத்தப்பட வேண்டியது. நகோயாவைச் சேர்ந்த ஹிரோஜி அய்பாவின் குழு 1996-இல் இதை அளந்து பார்த்தபோது, குளுக்கோஸில் வளரும் செல்களிலும் லாக்டோஸில் வளரும் செல்களிலும் சைக்ளிக் ஏ.எம்.பி. அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. இரு சர்க்கரைகளும் சேர்ந்திருக்கும்போது முக்கியத் தடை வேறொரு புரதப் பிணைப்பில் இருக்கிறது: குளுக்கோஸ் உள்ளே வரும்போது பாஸ்பேட்டை இழக்கும் ஒரு கடத்துப் புரதம் பெர்மியேஸின் உட்புறத்தில் பிணைந்து, லாக்டோஸை உள்ளே விடாமல் தடுக்கிறது. டி.என்.ஏ.வைத் தொடாத இரு புரதங்களின் சந்திப்பும் மரபணு வெளிப்பாட்டை ஆளும் என்பதை மாணவர்கள் இங்கிருந்தே கற்கலாம்.

இதனால் சி.ஏ.பி.யின் பங்கு இல்லாமல் போய்விடாது. படியெடுத்தலைத் தொடங்கிவைக்கும் டி.என்.ஏ. பகுதியான லாக் புரமோட்டர் இயல்பிலேயே வலுவற்றது, படியெடுக்கும் என்சைமான ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் அதில் எளிதில் பிணைவதில்லை. சி.ஏ.பி. அருகில் பிணைந்து, பாலிமரேஸின் ஆல்பா உறுப்பைத் தொட்டுத் தாங்கிக்கொள்கிறது. யூ.வி.5 என்னும் திரிபில் புரமோட்டரின் இரண்டே எழுத்துகள் மாறியதால், சி.ஏ.பி. பெரிதும் தேவைப்படாமலேயே படியெடுத்தல் நன்கு நடக்கிறது.

ஆய்வகத்தில் நேரும் தவறுகளையும் சொல்ல வேண்டும். பிணைப்பின் வலிமையைக் குறிக்கும் எண்ணான பிணைப்பு மாறிலியைச் சோதனைக்குழாயில் அளந்து, அதை அப்படியே செல்லுக்குப் பொருத்தக் கூடாது. மின்சுமை ஈர்ப்பு சார்ந்த பிணைப்பு உப்பின் செறிவைப் பொறுத்துப் பெரிதும் மாறும். குறைந்த உப்பில் எடுத்த அளவு பிணைப்பை மிகைப்படுத்திக் காட்டும். மின்புலத்தில் ஜெல் வழியே நகரும் டி.என்.ஏ. புரதம் சேர்ந்ததும் தாமதப்பட்டதை மட்டும் கண்டு, இந்தப் புரதம் இந்த வரிசையைக் குறிப்பாக அடையாளம் காண்கிறது என்றும் எழுதக் கூடாது. வேறு வரிசை கொண்ட டி.என்.ஏ.வை மிகுதியாகச் சேர்த்தும் அந்தத் தாமதம் நிலைக்கிறதா, ஓரிரு எழுத்துகளை மாற்றினால் மறைகிறதா என்று பார்த்த பிறகே அவ்வாறு சொல்ல இடமுண்டு.

மனிதன் முதலான உயர் உயிரிகளில் டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதங்களின்மேல் சுற்றப்பட்டிருப்பதால் கணக்கு மேலும் சிக்கலாகிறது. அங்கே மரபுத்தொகுதி முழுவதிலும் ஒரு புரதம் பிணையும் இடங்களைப் பட்டியலிட்டால் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். அவை அத்தனையும் அருகிலுள்ள மரபணுவை ஆள்கின்றன என்று கொள்ள முடியாது. அந்த இடத்தைச் சிதைத்தால் மரபணுவின் வெளிப்பாடு மாறுகிறதா என்பதே சோதனை. ஜேக்கப்பும் மோனோவும் செய்தது அதைத்தான். ஒடுக்கி ஆர்.என்.ஏ.வாக இருக்கலாம் என்றுகூட அவர்கள் 1961-இல் கருதினார்கள். அது புரதம் என்பதை வால்ட்டர் கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும் 1966-இல்தான் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ஆனால் ஆப்பரேட்டர் சிதைந்த திரிபுகளில், சிதைவு எந்த டி.என்.ஏ. இழையில் இருக்கிறதோ அதே இழையிலுள்ள மரபணுக்கள் மட்டுமே அடங்க மறுத்ததைக் கண்டு, ஒடுக்கி பிணையும் இடம் ஒன்று அங்கே உண்டு என்று ஒடுக்கியைக் காண்பதற்கு முன்பே அவர்கள் குறித்துவிட்டார்கள்.