கை வேலையாக இருக்கும்போது காதுக்கு ஒரு பாட்காஸ்ட்

இணையத்திலிருந்து எடுத்து விரும்பிய நேரத்தில் கேட்கும் பேச்சு நிகழ்ச்சியான பாட்காஸ்டைக் கேட்கத் தொடங்குபவர், தம் நாளில் எந்த நேரத்தில் கைக்கு வேலை இருந்தும் காது ஓய்வாக இருக்கிறது என்பதை முதலில் கண்டுகொள்ள வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஆலைக்குப் பேருந்தில் செல்பவர், அந்த 50 கிலோமீட்டர் பயணத்திற்குள் நீண்ட உரையாடல் ஒன்றைக் கேட்டு முடித்துவிடலாம். தர்மபுரிப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் எங்களுக்கோ, மல்பெரி தழை வெட்டுவது, சுமப்பது, பரப்புவது என்று வேலை துண்டு துண்டாக வருவதால், 15, 20 நிமிடத்தில் முடியும் பகுதிகளே ஒத்துவருகின்றன.

அடுத்து, பேசும் முறையைப் பாருங்கள். ஒருவரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு பொறுமையாக விளக்குவது எனக்குப் பிடிக்கும். மூன்று பேர் கூடிச் சிரித்துப் பேசினால் மனம் அதில் நிற்பதில்லை. என் மனைவிக்கோ, திண்ணையில் நாலு பேர் பேசுவது போல இருந்தால்தான் கேட்கவே தோன்றுகிறது. ஆகவே, பிறர் புகழ்ந்தார்கள் என்பதற்காக ஒன்றைப் பிடித்துக்கொள்ளாமல், அந்த நிகழ்ச்சியின் மூன்று பகுதிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் முதல் 10 நிமிடம் கேட்டுப் பாருங்கள். அதற்குள் பேச்சு விஷயத்துக்கு வரவில்லையென்றால் தயங்காமல் விட்டுவிடலாம்.

வானொலியில் உழவர் நிகழ்ச்சி வரும் நேரத்தில் நாம் தோட்டத்தில் இருந்தால் அது போனது போனதுதான். 2004-இல் ஐபாட் (கையடக்கப் பாட்டுக் கருவி), பிராட்காஸ்ட் (ஒலிபரப்பு) என்னும் சொற்களின் சேர்க்கையாகப் பெயர் பெற்ற பாட்காஸ்ட், நாம் வரும்வரை காத்திருக்கிறது. புரியாத இடத்தில் பின்னுக்குத் தள்ளி மறுபடியும் கேட்கலாம் என்பதே அதன் பெரும்பயன் என்று நான் கருதுகிறேன். மலையும் காடுமான நம் சாலைகளில் சிக்னல் விட்டுவிட்டு வருவதால், முதல்நாள் இரவே தரவிறக்கிக்கொள்வது நல்லது. நொடிக்கு 64 கிலோபிட் அளவில் பதிவான ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஏறத்தாழ 29 எம்பி போதும். ஆன்டெனாபாட் போன்ற இலவசச் செயலிகளில், கேட்டு முடித்தவை தானாக அழியும்படியும் அமைத்துக்கொள்ளலாம்.

இருசக்கர வாகனம் ஓட்டும்போது இயர்போன் அறவே வேண்டாம். புழு மனையிலும் ஒரு காதைத் திறந்தே வையுங்கள். நான்காம் தோலுரிப்புக்குப் பிந்தைய நாட்களில் புழுக்கள் தழையைத் தின்னும் ஓசை, ஓலைக்கூரையில் தூறல் விழுவது போலக் கேட்டுக்கொண்டே இருக்கும். அது அடங்கினால் தழை தீர்ந்துவிட்டது என்று பொருள். ஒருமுறை இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து கேட்டதில், அந்த ஓசை நின்றதே எனக்குத் தெரியவில்லை. எழுந்து பார்த்தபோது தட்டு முழுவதும் வெறும் குச்சிகளும், அவற்றின் மேல் தலையைத் தூக்கித் தேடிக்கொண்டிருந்த புழுக்களுமே இருந்தன.