பழைய ஆர்எக்ஸ்-7 ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதா, புகை கக்குகிறதா? என்ஜினை இறக்கும் முன் மூன்று துடிப்பை எண்ணுங்கள்

போன நவம்பரில் டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு கடை வாசலில் இருபது நிமிடம் நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். என் 1988 மாஸ்டா ஆர்எக்ஸ்-7 (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டார் சுழலும் ரோட்டரி என்ஜின் கார்) சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாகப் பற்றியபோது பின்னால் கிளம்பிய புகையைப் பார்த்துப் பக்கத்துக் கார்க்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். காலையில் குளிரில் எடுத்தால் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும், சூடாக நிறுத்தி எடுத்தால்தான் இந்தக் கூத்து.

ஒரே வாரத்தில் இரண்டு பட்டறைக்குக் கொண்டுபோனேன். முதல் இடத்தில் கம்ப்ரஷன் (என்ஜின் உள்ளே காற்றை அமுக்கும் அழுத்தம்) 105 பிஎஸ்ஐ, என்ஜின் பிரமாதம் என்றார்கள். இரண்டாவது இடத்தில் 60தான் வருகிறது, என்ஜின் போச்சு, இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றார்கள். ஒரே என்ஜின்! கடைசியில் பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் தப்பு. அது எப்படி என்று கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை மாதம் ஆனது, உங்களுக்கு ஒரு சனிக்கிழமை போதும்.

இது 1986 முதல் 1988 வரை வந்த, டர்போ இல்லாத எஃப்சி (இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7) மாடலை வைத்து எழுதியது. இதில் இருக்கும் இரண்டு ரோட்டார் என்ஜினின் பெயர் 13பி. மற்ற 13பி என்ஜின்களுக்கும் வழி இதேதான், ஃபியூஸும் சென்சாரும் இருக்கும் இடம் மட்டும் மாறும். பிளக் கழற்றுவது, பேட்டரி சார்ஜ் போடுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் புகையைப் பாருங்கள்

நீலப் புகை என்றால் எண்ணெய். இரவு முழுக்க நின்ற கார் காலையில் ஒரு நிமிடம் நீலமாகக் கக்கிவிட்டு நின்றுவிட்டால், ரோட்டாரில் இருக்கும் ஆயில் கன்ட்ரோல் ரிங்கின் ரப்பர் ஓ-ரிங்குகள் வயதாகி இறுகிவிட்டன என்று பெரும்பாலும் சொல்லலாம். டர்போ மாடலாக இருந்தால் டர்போவின் சீலையும் சந்தேகப்படுங்கள். அதற்காக உடனே பதற வேண்டாம், என் கார் இன்னும் அப்படித்தான் ஓடுகிறது. ரோட்டரி என்ஜின் எண்ணெய் குடிப்பது நோய் அல்ல. ரோட்டாரின் முனைகளில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் வழுக்கி ஓட வேண்டும் என்பதற்காகவே ஒரு மீட்டரிங் பம்ப் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு எரிக்கிறது. டிப்ஸ்டிக்கில் எண்ணெய் குறையவே இல்லை என்றால்தான் பயப்பட வேண்டும், அந்த பம்ப் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். கூலன்ட் வெப்பநிலை சென்சாரில் ஆரம்பியுங்கள். அது பொய் சொன்னால் கம்ப்யூட்டர், சூடான என்ஜினைக் குளிர்ந்தது என்று நினைத்துக்கொண்டு பெட்ரோலை ஊற்றும்.

வெள்ளையில்தான் குழப்பம். டொராண்டோ குளிரில் எல்லாக் காருமே வெள்ளையாகத்தான் மூச்சு விடும், அது வெறும் நீராவி, குழாயை விட்டு வந்த சில அடியில் கரைந்துவிடும். கூலன்ட் எரிந்த புகை அப்படிக் கரையாது, தெருவில் தொங்கிக்கொண்டு நிற்கும், இனிப்பாக ஒரு வாடை வரும் (முகர்ந்து பார்க்கிறேன் என்று குழாய்க்குப் பக்கத்தில் குனியாதீர்கள்). அதோடு காலையில் முதல் பத்து இருபது நொடி என்ஜின் ஒற்றை ரோட்டாரில் ஓடுவது போலக் குலுங்கும், கூலன்ட் குறைகிறது என்ற பஸ்ஸர் அடிக்கடி கத்தும். இதை உறுதி செய்ய, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் கீழ் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். பிளக் கூலன்ட்டில் நனைந்திருந்தால் வாட்டர் சீல் (கூலன்ட் உள்ளே கசியாமல் தடுப்பது) போய்விட்டது, அதற்கு என்ஜினைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. எனக்கு அழுத்தம் அசையவில்லை, பிளக்கில் வந்தது வெறும் பெட்ரோல் வாடை. அந்த வாடையை அன்றைக்கே மதித்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது.

என்ஜின் பெட்ரோலில் மூழ்கியிருந்தால் முதலில் அதைத் தீருங்கள்

என்ஜின் பேயில் உள்ள இஜிஐ ஃபியூஸை (பெட்ரோல் இன்ஜெக்ஷனுக்கான ஃபியூஸ்) பிடுங்குங்கள். இதனால் இன்ஜெக்டரும் நிற்கும், பொறியும் நிற்கும். பிறகு கீழ் பிளக்குகள் இரண்டையும் கழற்றுங்கள். ரோட்டரியில் ஒவ்வொரு ரோட்டாருக்கும் இரண்டு பிளக், கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெயிலிங். ஐந்து ஐந்து நொடியாக ஐந்தாறு தடவை கிராங்க் பண்ணுங்கள், நடுவில் ஸ்டார்ட்டருக்கு ஓய்வு கொடுங்கள். பெட்ரோல் துளை வழியாகச் சிதறும், பக்கத்தில் யாரும் பீடி சிகரெட்டோடு நிற்கக் கூடாது.

இங்கேதான் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. உள்ளே தேங்கிய பெட்ரோல் பிளக்கை மட்டும் நனைப்பதில்லை, சீல்கள் மேல் இருக்கும் எண்ணெய்ப் படலத்தையும் கழுவிவிடுகிறது. எண்ணெய் போனால் கம்ப்ரஷன் போகும், கம்ப்ரஷன் போனால் பிளக் புதிதாக இருந்தாலும் பற்றாது. அதனால் ஒவ்வொரு கீழ்த் துளையிலும் ஒரு மேசைக்கரண்டி அளவு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய்) அல்லது என்ஜின் ஆயில் விட்டு, மூன்று முகத்துக்கும் எண்ணெய் போய்ச் சேரும்படி முன் புல்லியைக் கையால் வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். அரை டம்ளர் ஊற்றிவிடாதீர்கள், திரவத்தை அமுக்க முடியாது. பிளக்கைத் துடைத்துக் காய வைத்து மாட்டி, ஃபியூஸைத் திரும்பப் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள்.

பத்து நிமிடம் புகை கொட்டும். சும்மா இல்லை, தெருவே மறையும். நான் கராஜ் கதவைத் திறந்து வைத்து உள்ளேயே பண்ணினேன், எதிர்வீட்டு அம்மா தீயணைப்புக்குப் போன் போட இருந்தார். வெளியில் வைத்துச் செய்யுங்கள். அந்தப் புகையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அது நீங்களே ஊற்றிய எண்ணெய்.

கம்ப்ரஷன்: என்னை வழுக்கிவிட்ட இடம்

ரோட்டார் ஒரு முக்கோணம். மூன்று முகம், ஒவ்வொரு முகமும் தனித்தனி அறை. பிஸ்டன் காருக்கான டெஸ்டரில் டயரில் இருப்பது போல ஒரு சின்ன வால்வு இருக்கும், வந்த அழுத்தத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று அறையில் இரண்டு செத்தே போயிருந்தாலும் நல்ல அறையின் அழுத்தம்தான் முள்ளில் நிற்கும், அதுவும் நாலைந்து சுற்றில் சேர்த்து ஏற்றிய அழுத்தம். முதல் பட்டறையின் 105 இதுதான். என்ஜின் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது எந்த சாட்சியும் இல்லை.

ஆகவே அந்த வால்வைக் கழற்றிவிட வேண்டும், அப்போதுதான் ஒவ்வொரு அறைக்கும் முள் தனித்தனியாகத் துள்ளும். சாதாரண டயர் வால்வுக் கருவி போதும். கழற்றியதை ஒரு டப்பாவில் பத்திரமாக வையுங்கள், டயர் வால்வு போலவே தெரிந்தாலும் இதன் ஸ்பிரிங் மெல்லியது, தொலைந்தால் டயர் வால்வைப் போட்டுச் சமாளிக்க முடியாது. கேஜ் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன், முள் வைத்த கேஜ்தான். டிஜிட்டல் கேஜ் துள்ளலைக் காட்டாமல் ஏதோ ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டு நிற்கும். ரோட்டரிக்கென்றே விற்கும் டெஸ்டர் வாங்க வசதி இருந்தால் நல்லது, அது மூன்று முகத்தையும் பிரித்து, 250 ஆர்பிஎம்முக்குக் கணக்கிட்டே தந்துவிடும். ஒரே ஒரு காருக்கு அது அதிகச் செலவு என்பது என் கட்சி.

பேட்டரியை இரவே முழுக்க சார்ஜ் போடுங்கள். என்ஜின் சூடாக இருக்க வேண்டும். இஜிஐ ஃபியூஸ் வெளியே. ஒரு ரோட்டாரின் மேல் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் டெஸ்டரை மாட்டுங்கள், கீழ் பிளக் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஒருவர் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஆறேழு நொடி கிராங்க் பண்ணட்டும், நீங்கள் முள்ளைப் போனில் ஸ்லோமோஷனில் படம் பிடியுங்கள். கண்ணால் எண்ண முடியாது, நொடிக்கு நாலு துடிப்புக்கு மேல் வரும்.

வீடியோவை மெதுவாக ஓட்டினால் மூன்று மூன்றாக ஒரு தாளம் தெரியும். மூன்றும் ஒரே உயரம் என்றால் சீல்கள் சமமாக இருக்கின்றன. ஒன்று மட்டும் தாழ்ந்தால் பக்கவாட்டு சீலைச் சந்தேகப்படலாம். அடுத்தடுத்து இரண்டு தாழ்ந்தால் ஏபெக்ஸ் சீல், ஏனென்றால் ஒரு ஏபெக்ஸ் சீல் இரண்டு அறைக்குப் பொதுச்சுவர். வேகத்தையும் இதிலேயே கணக்கிடலாம்: எக்ஸென்ட்ரிக் ஷாஃப்ட் (பிஸ்டன் காரின் கிராங்க் ஷாஃப்ட் போன்றது) ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு, ஆறு நொடியில் 25 துடிப்பு என்றால் 250 ஆர்பிஎம். இந்த என்ஜினுக்கு அந்த வேகத்தில் 85 பிஎஸ்ஐதான் கீழ் எல்லை, அறைகளுக்குள் வித்தியாசம் 21க்கு மேல் போகக் கூடாது.

நான் முதல் தடவை பார்த்தபோது இரண்டு ரோட்டாரிலும் ஆறு முகமும் 60 பக்கத்தில். இரண்டாவது பட்டறை சொன்ன அதே எண். அன்று இரவு தூக்கமில்லை, பழைய என்ஜினை விற்றால் என்ன கிடைக்கும் என்று கூடத் தேடிவிட்டேன். மறுநாள்தான் உறைத்தது: ஆறும் ஒரே மாதிரி சாகுமா? வீடியோவைத் திரும்ப எண்ணினேன், ஆறு நொடியில் 18 துடிப்பு, அதாவது 180 ஆர்பிஎம். பேட்டரி சோர்ந்திருந்தது. அதோடு முந்தைய நாள் ஸ்டார்ட் ஆகாமல் போராடியதில் உள்ளே பெட்ரோல் கழுவியிருந்தது. பேட்டரி மாற்றி, மேலே சொன்னபடி எண்ணெய் விட்டு ஸ்டார்ட் பண்ணி, ஊற்றிய எண்ணெய் எரிந்து போகும்வரை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து (இதை விட்டுவிடாதீர்கள், ஊற்றிய எண்ணெயோடு அளந்தால் எண் பொய்யாக ஏறும்) அளந்தேன். முன் ரோட்டார் 92, 90, 93. பின் ரோட்டார் 90, 88, 91. என்ஜின் உயிரோடுதான் இருந்தது.

அப்போ குற்றவாளி யார்?

சூடாக நிறுத்தியதும் உள்ளே பெட்ரோலைச் சொட்டும் பிரைமரி இன்ஜெக்டர்கள் (நாலில் எப்போதும் வேலை செய்யும் இரண்டு). ஃபியூவல் லைனில் பிரஷர் கேஜ் மாட்டி, என்ஜினை நிறுத்தி முள்ளைப் பாருங்கள். அழுத்தம் சட்டென்று விழுந்தால், திரும்ப ஏற்றி நிறுத்திவிட்டு ரிட்டர்ன் ஹோஸை மெதுவாகக் கவ்வுங்கள். விழுவது நின்றால் ரெகுலேட்டர். நிற்கவில்லை என்றால் சப்ளை ஹோஸையும் கவ்வுங்கள். அதில் நின்றால் பம்பின் செக் வால்வு. இரண்டையும் கவ்விய பிறகும் விழுந்தால் இன்ஜெக்டர்.

பிரைமரி இன்ஜெக்டரைத் தொட மேல் இன்டேக்கைக் கழற்ற வேண்டும், பாதி நாள் வேலை. நான் நாலு இன்ஜெக்டரையும் கழற்றிச் சுத்தம் செய்து ஃப்ளோ பார்க்கும் இடத்துக்கு அனுப்பினேன், ஓ-ரிங் எல்லாம் புதிது. கை உள்ளே இருக்கும்போதே ஃபியூவல் ரெயிலில் இருக்கும் பல்சேஷன் டாம்பரையும் (பெட்ரோல் அழுத்தத்தின் அதிர்வைத் தணிப்பது) பாருங்கள். எஃப்சியில் அது கசிந்து கார் எரிந்த கதைகள் உண்டு, ஈரம் தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். பிளக் திரும்ப மாட்டும்போது, மேலும் கீழும் ஒன்றல்ல: என் காருக்கு என்ஜிகே பியுஆர்7இக்யூ கீழே, பியுஆர்9இக்யூ மேலே.

பிற்சேர்க்கை 1: ஒருவர் தன் காரில் மூன்று முகமும் சமமாக 76 வருகிறது, என்ஜின் முடிந்ததா என்று கேட்டிருந்தார். கேஜ் ஹோஸ் எவ்வளவு நீளம் என்று கேட்டேன், முக்கால் மீட்டராம். வால்வைக் கழற்றியதும் அந்த ஹோஸுக்குள் இருக்கும் இடமும் அறையோடு சேர்ந்துகொள்கிறது, அதனால் எண் குறைந்துதான் தெரியும். கட்டையான ஹோஸில் அவருக்கு 84 வந்தது. சாதாரண டெஸ்டரில் எண்ணைவிட மூன்றும் சமமா என்பதையே நம்புங்கள்.

பிற்சேர்க்கை 2: ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்கள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அதில் இன்ஜெக்டருக்கு முன்னால் இக்னிஷன் காயில்களைப் பாருங்கள், பிளக்குக்கு ஒன்றாக நாலு இருக்கும், வயதானால் பொறி பலவீனமாகிவிடும். கிராங்க் வேகம் குறைவாக இருந்தால் பிற்கால மாடலில் வந்த வலுவான ஸ்டார்ட்டரைப் போடலாம். மூழ்கிவிட்டால் ஃபியூஸைத் தேட வேண்டாம், ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு கிராங்க் பண்ணினாலே பெட்ரோல் நின்றுவிடும். கம்ப்ரஷன் கீழ் எல்லை அதில் வேறு, 250 ஆர்பிஎம்மில் 680 கிலோபாஸ்கல், அதாவது 98 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் மேல். என்னுடைய 92ஐ வைத்து உங்கள் காரை ஒப்பிடாதீர்கள்.