பள்ளிக்கூடப் படம் எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் நாலு பேர் போனிலேயே ஒரு பள்ளிக்கூடப் படம் எடுக்கிறார்கள். கதையைப் படிக்கக் கொடுத்தார்கள். வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு டர்பன் கடற்கரைக்குப் போகும் பெண், கடைசியில் விபத்தில் சாகிறாள்.

“யாருக்கும் புத்தி சொல்லவில்லை, அங்கிள்” என்றான் ஒருவன்.

வசனத்தில் சொல்லவில்லைதான். அந்த விபத்து வேறென்ன? பெரும்பாலான படங்கள் சறுக்குவது இங்கேதான். வாயால் சொல்லாத தீர்ப்பைக் கதை சொல்லிவிடுகிறது. 1982-இல் ஏமி ஹெக்கர்லிங் இயக்கிய ‘ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மான்ட் ஹை’ படத்தில் ஸ்டேசி என்ற மாணவி கருக்கலைப்பு செய்துகொள்கிறாள். கூட்டிப்போகிறேன் என்ற பையன் வரவில்லை. அண்ணனிடம் பொய் சொல்லி அவன் காரில் போய் இறங்குகிறாள். வெளியே வந்தால் அதே அண்ணன் காத்து நிற்கிறான். அவளுக்குத் தண்டனையும் இல்லை, மாலை மரியாதையும் இல்லை.

தீர்ப்பு வேண்டாம் என்றதும் வலியையும் துடைத்துவிடுவார்கள் சிலர். அதுவும் தப்பு. ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் ‘டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்’ படத்தில் (1993) பெரிய பையன்கள் சின்னவர்களை மரத்துடுப்பால் விளாசுகிறார்கள். பார்க்கும் நமக்கே சுளீரென்கிறது. அடிபட்டவனை வீட்டில் கொண்டுபோய் விடுவதும் ஒரு பெரிய பையன்தான்.

நல்ல படங்களும் தப்புவதில்லை. ‘த பிரேக்ஃபாஸ்ட் கிளப்’பில் (1985) யாரோடும் ஒட்டாத அலிசனுக்கு ஒப்பனை செய்து விட்ட பிறகே பையன் அவளைத் திரும்பிப் பார்க்கிறான். அப்படியானால் முன்பிருந்தவள் குறைச்சலா?

அமெரிக்க லாக்கரையும் சியர்லீடரையும் இங்கே இறக்குமதி செய்யாதீர்கள். நமக்கு யூனிஃபார்ம், காலை அசெம்பிளி, பள்ளித் தின்பண்டக் கடையான டக் ஷாப்பின் வரிசை, பள்ளி இறுதியாண்டு நடன விருந்தான மெட்ரிக் டான்ஸுக்குத் தைக்கக் கொடுத்த சட்டை இருக்கின்றன. லிங்க்லேட்டரின் கதை 1976 மே 28 அன்று நடக்கிறது. பத்தொன்பது நாள் கழித்து, ஜூன் 16-இல், அதே வயதுப் பிள்ளைகள் வெள்ளையர் அரசு திணித்த ஆஃப்ரிகான்ஸ் மொழி வழிக் கல்வியை எதிர்த்து, ஜோகன்னஸ்பர்க் அருகே கறுப்பின மக்கள் வாழும் சொவெட்டோவின் வீதியில் இறங்கினார்கள், போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டக் காலத்துப் பள்ளியைக் காட்டும் ‘சரஃபினா!’ (1992), மாணவர்கள் ஒரு கான்ஸ்டபிளைக் கொளுத்துவதை மறைக்கவில்லை. அதற்காக அவர்களை வெறுக்கவும் வைக்கவில்லை. அரசியலை ஒதுக்கினால்தான் நடுநிலை என்று நினைப்பவர்கள் அதைப் பார்க்கட்டும்.

எங்கள் தெருக் கதையில் இப்போது அந்தப் பெண் கடைசி பஸ்ஸில் வீடு திரும்புகிறாள். அம்மா அவள் சாக்ஸை உதறுகிறாள், மணல் கொட்டுகிறது. அம்மா ஏதாவது கேட்க வேண்டுமா, வேண்டாமா என்பதில் நாலு பேருக்கும் இன்னும் சண்டை.